இருபத்துநாலுல ஒரு குச்சி

— குச்சி மறுபடியும் அதே உயரமா, பிரதீபா?

— அதே உயரம்தான். மயிரிழை ஏறல, மயிரிழை எறங்கல.

— போர்டுல டயோட மாத்துன இல்ல?

— மாத்தியாச்சு. வோல்டேஜ ஏத்திப் பாத்தாச்சு, எறக்கிப் பாத்தாச்சு. நீ சொன்னியேன்னு மூடியக்கூட கழட்டிட்டேன். சோர்ஸ் மெஷின்லேந்து பன்னண்டு கிகா ஹெர்ட்ஸ் உள்ள போனா, போர்டு அத எரட்டிச்சு இருபத்துநாலா வெளிய வுடணும். வருது. சீக்காளி மூச்சு வுடறாப்ல வருது.

— வருது இல்ல? அது போதும்மா. அனலைசர் ஸ்கிரீன்ல இருபத்துநாலுல சிக்னல் குச்சி நிக்குதில்ல?

— இத்தினியூண்டு பவர வெச்சுகினு படகுல ரேடார் மாட்டுனா, இருட்டுல எதுர்ல வர்ற படகு கண்ணுக்கே தெரியாது உவைஸ். உங்க மாமா படகுலதான் மொதல்ல மோதும்.

— மாமாவ இன்னாத்துக்கு இழுக்கற? அவருதான் நாளிக்கி மாமல்லபுரத்து மீனவர் சங்கத்து ஆளுங்கள ரேடார் பாக்க கூட்டினு வராரு. ஒரே பேஜாரா கீது எனக்கு.

— வரட்டும். ஆவலன்னு சொல்லு.

— சொல்லிட்டு? கேளம்பாக்கத்துல இந்த ரூமப் பூட்டினு நான் அண்ணன் செல்போன் கடையில போயி குந்திக்குவேன். நீ இன்னா பண்ணுவ?

— அதான் வயிறெரியுது. சிறுசேரியில பழைய ஆபீஸ்ல வேலைக்குத் திருப்பிக் கூப்ட்டாங்க இல்ல, வரலன்னு எப்ப சொன்னேன் தெரியுமா? மொத மொத இந்தக் குச்சி ஸ்கிரீன்ல எழுந்துது பாரு, அன்னிக்கி சாயங்காலம். பொறந்துடுச்சு, இனிமே வளக்கறதுதான் பாக்கின்னு நெனச்சேன். அந்த வேலைய வுட்டதுக்கு கருங்குழியில எங்கப்பா இன்னும் எங்கூடப் பேசறதில்ல.

— வளராமயா பூடும், இன்ஷா அல்லா.

— எதுக்குமே அசையலயேப்பா! நல்லா பண்ணா ஏறணும், தப்பா பண்ணா எறங்கணும். வேணும்னே தப்பா பண்ணிப் பாத்தேன், அப்பவும் எறங்கல. எருமமாட்டு மேல மழ பேஞ்சாப்ல நிக்குது. தூக்கிப் போட்டு ஒடச்சுடலாமான்னு வருது.

— ஒடைக்காத தாயே. நவுரு, போர்ட கழட்டி நான் ஒருவாட்டி ஈயம் வெச்சுப் பாக்கறேன். சோர்ஸ நிறுத்தவா?

— வாணாம். நிறுத்துனா மறுபடி சூடேற நேரமாவும். ஓடட்டும்.

— கழட்டிட்டேன். சோர்ஸ்லேந்து வர்ற கேபிள் தொங்குது, எங்க வெக்கறது?

— அனலைசர்லயே நேரா சொருகி வை. கீழ வுழுந்து முனை ஒடஞ்சா வேற கேபிள் கெடையாது.

— சொருகியாச்சு. நீ போயி டீ குட்ச்சிட்டு வா, மூஞ்சி சரியில்ல.

— டீயும் வாணாம் ஒண்ணும் வாணாம்.

— பிரதீபா… இங்க வா. ஸ்கிரீனப் பாரு.

— இன்னா, குச்சி ஏறிடுச்சா?

— ஏறல. இருபத்துநாலுல, அதே எடத்துல, அதே உயரத்துல நிக்குது.

— அதான் தெனமும் நிக்குதே. அதுக்கு இன்னாத்துக்குக் கூப்பிடற?

— போர்டு என் கையில கீதும்மா.