நேசம் என்று கூப்பிட்டார்

தேத்தண்ணிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை.

என் கணவர் பாலசுந்தரம் நல்லவர். ரயில்வே அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். முதல் மனைவி நேசம்மா இறந்த பிறகு, அறுபத்து நான்காம் ஆண்டில் என்னைக் கட்டினார். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் இருபது வருடத்துக்கு மேல் அவருக்குச் சமைத்துப் போட்டேன். ஒருநாளும் என்மேல் கை ஓங்கியதில்லை. என் கையைப் பிடித்ததும் இல்லை. நேசம்மாவின் திவசம் வந்தால் தானே பாசாருக்குப் போய்ப் பிஞ்சுக் கத்தரிக்காயாகப் பொறுக்கி வருவார். நான் எந்த மாதத்தில் பிறந்தேன் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

போன மாதம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, தாதி லெட்சுமி மாத்திரைப் போத்தலை என்னிடம் கொடுத்தாள்.

"ஆன்டி, வலிக்குதுன்னு அங்கிள் வாய் திறக்க மாட்டார். கேக்காட்டியும் நேரத்துக்குக் குடுத்திருங்க லா. வலி ஏறுனா வயசானவங்களுக்குத் தூக்கம் போயிரும், புத்தி தடுமாறும். ஆளைக்கூட அடையாளம் தெரியாது."

நானும் நேரத்துக்குக் கொடுத்தேன். புத்தி தெளிவாக இருந்தது. பேப்பர் படித்தார். "கனகேஸ்வரி, ரேடியோவைக் குறை" என்றார்.

ஒருநாள் கடையில் தாமதமாகி, மாத்திரை நேரம் தவறிவிட்டது. திரும்பி வந்தபோது அவர் முகமெல்லாம் வியர்வை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நேசம், எங்கை போனனீர்? உம்மைக் காணாமல் தவிச்சுப் போனன். பக்கத்திலை இரும்."

இருந்தேன். என் தலையைத் தடவினார். கல்யாணமான புதிதில் பத்துமலைப் படியேறும்போது எனக்குக் கால் நொந்ததாம், அவர் தாங்கிப் பிடித்தாராம். நான் தலையாட்டினேன். பிறகு மாத்திரை கொடுத்தேன். தூங்கி எழுந்து, "நீ ஏன் இங்கை இருக்கிறாய்?" என்று கேட்டார்.

அடுத்த நாள் வேண்டுமென்றே தாமதித்தேன். அதன்பின் வேளைக்குரிய மாத்திரையைக் கழுவு தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். கட்டு மாற்ற வந்த லெட்சுமி அவர் உளறுவதைக் கேட்டாள்.

"மாத்திரை குடுக்குறீங்கதானே, ஆன்டி?"

"நேரத்துக்குக் குடுக்கிறன்" என்றேன். நம்பினாள்.

அவர் முனகுவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நெற்றியைத் துடைத்துவிடுவேன். அவரை என்னைப்போல் வேறு யார் பார்த்திருப்பார்கள்?

நோவில் அசையாமல் கிடந்தார். சாப்பாடு இறங்கவில்லை. நெஞ்சில் சளி கட்டியது. நான் டாக்டரைக் கூப்பிடவில்லை. வந்தால் வலிக்கு ஊசி போட்டுவிடுவார்.

கடைசி நாள் காலையில் கொஞ்சம் தெளிவு வந்தது. என்னைப் பார்த்தார், என்னையேதான்.

"கனகேஸ்வரி, தாங்க ஏலாமல் கிடக்கு. மருந்து தாருமம்மா" என்றார்.

அவ்வளவு மரியாதையாக அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. போத்தலில் மாத்திரை இருந்தது. நான் கொடுக்கவில்லை. அவரைக் கொன்றது நான்தான், அதை மறைக்கவில்லை.

ஆனால் நீங்களே சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர். நேசம் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் எதற்கு அந்தக் கனகேஸ்வரியைக் கூப்பிட வேண்டும்?