அனுப்பப்பட்டது

மாநாட்டுக்குப் போகிறவர்கள் பழகிய செருப்பைப் போட்டுக்கொண்டு போவது நல்லது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான் புது ஷூ போட்டுக்கொண்டு போனேன், என் மனைவி வாங்கிக் கொடுத்தது. மதியத்துக்குள் இரண்டு குதிகாலும் தோலுரிந்துவிட்டன. அன்று நான் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காலையிலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் கணினிப் பிரிவில் எனக்கு வேலை. அவசரம் என்று யாராவது போன் செய்தால் அறையில் இருக்கும் பெண்கள் விலாசத்தைக் கேட்டுத் தட்டச்சு செய்வார்கள். பக்கத்தில் எந்த வண்டி நிற்கிறது என்று பார்த்து, அந்த வண்டிக்குத் தகவல் அனுப்புவது மென்பொருளின் பொறுப்பு. அந்த மென்பொருளை எழுதியவன் நான். கல்யாணமான புதிதில் எழுத ஆரம்பித்தது. மகள் பிறந்தபோது நான் பிரசவ வார்டு வாசலில் இல்லை, சர்வர் அறையில் இருந்தேன். அவள் இன்று கல்லூரிக்குப் போகிறாள். அவளுடைய முதல் வார்த்தை என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த சிஸ்டத்தின் முதல் அழைப்பு எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று கேளுங்கள், சொல்வேன்.

போன வருடம் புது சிஸ்டம் வாங்கினார்கள். அதைக் கொண்டுவந்து பொருத்தும் குழுவுக்குத் தலைவி என்னைவிட மிகவும் இளையவள். நடையிலும் பேச்சிலும் வேகம், அதனால் அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் புயல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைப் பற்றி நான் குறையாக எதுவும் சொல்ல மாட்டேன். என்னிடம் ஒருநாளும் மரியாதை குறைவாகப் பேசியதில்லை. கூட்டங்களில் மற்றவர்கள் என்னை ஓரங்கட்டும்போதுகூட, "சார் என்ன நினைக்கிறாருன்னு கேட்டுக்கலாம்" என்பாள். கேட்பார்கள். பிறகு முதலில் முடிவு செய்ததையே செய்வார்கள்.

புதியதற்கு மாறிய பிறகும் பழையதை உடனே அணைக்கவில்லை. புதியது ஏதாவது காரணத்தால் நின்றால் பழையது தானாக வேலையை எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தோம். ஓடும் வண்டியில் தயாராக இருக்கும் ஸ்டெப்னி மாதிரி. எல்லாம் சரியாகப் போகிறது என்று தெரிந்ததும், பழையதை நிரந்தரமாக நிறுத்தத் தேதி குறித்தார்கள். அந்த வாரம்தான் இந்த மாநாடு. அவசர சேவைகளுக்கு மென்பொருள் செய்பவர்கள் மட்டும் கூடும் இடம். புயல் அங்கே பேசுவதாக இருந்தது. பேச்சின் முடிவில் மேடையிலிருந்தே, எல்லோரும் பார்க்க, பழைய சிஸ்டத்தை அணைப்பது என்று ஏற்பாடு. மேலதிகாரிகளுக்கு அந்த விளம்பரம் பிடித்திருந்தது.

அது அணைந்தால் என் பதவியும் அணையும். மனிதவள அதிகாரி கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார். "வேற பிரிவுல பாத்தோம் சார், இடமே இல்ல. தப்பா நினைச்சுக்காதீங்க." நான் தப்பாக நினைக்கவில்லை. வீட்டில் மட்டும் சொல்லவில்லை. மாநாட்டுக்கு என் பெயரும் இருக்கிறது என்று தெரிந்ததும் என் மனைவிக்கு ஒரே பூரிப்பு. "பாத்தீங்களா, உங்களைத்தானே அனுப்புறாங்க. நீங்க இல்லாம அங்க ஒண்ணும் நடக்காது" என்றாள். ஷூ வாங்கி வந்தது அப்போதுதான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் எதையும் சொல்ல முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. அப்புறம் சொல்ல முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது அந்தப் பொய்.

மாநாட்டு மண்டபத்தில் காலை முழுவதும் நான் ஸ்டால் ஸ்டாலாக ஏறி இறங்கினேன். வேலை கேட்டுத்தான். என் விவரங்களை அச்சடித்து ஒரு பையில் வைத்திருந்தேன். ஒரு ஸ்டாலில் தாடி வைத்த ஒரு பையன், நல்ல பையன், நாற்காலி போட்டுக் கொடுத்தான்.

"எந்தக் கணினி மொழியில வேலை பாக்குறீங்க சார்?"

சொன்னேன்.

"அது இன்னுமா ஓடுது?" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். பக்கத்தில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, "இவர் அந்த மொழியில இன்னும் எழுதுறாராம்" என்று காட்டினான். அவள் என்னிடம் கை குலுக்கிவிட்டு ஒரு துணிப்பையும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தாள். கடைசி வரிசை ஸ்டாலுக்குப் போவதற்குள் என்னிடம் அப்படி ஆறேழு பைகள் சேர்ந்துவிட்டன. அச்சடித்துக்கொண்டு போன தாள்களும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ இரண்டு பேர் மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் எண்ணத்தில் யாருக்கும் கெடுதல் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புயல் பேசிக்கொண்டிருக்கும்போது புதிய சிஸ்டம் நின்றுபோகும். பழையது வேலையை எடுத்துக்கொள்ளும். கட்டுப்பாட்டு அறையில் யாருக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் இரண்டு சிஸ்டமும் ஓடுவதை மேடைக்குப் பின்னால் நேரடியாகக் காட்டும் பெரிய திரையில் மண்டபம் முழுக்கப் பார்க்கும். அணைக்க இருந்த ஒன்றே காப்பாற்றியதைப் பார்த்த பிறகு யாருக்கு அதை அணைக்க மனசு வரும்? இவ்வளவுதான் நான் நினைத்தது. அதற்கு வேண்டிய கட்டளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மனைவி தூங்கும்போது, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். சின்னக் கட்டளை. புதிய சிஸ்டத்துக்கும் வண்டிகளுக்கும் நடுவில் இருக்கும் தொடர்பை அது துண்டிக்கும். என்னுடைய அனுமதிகளை யாரும் இன்னும் ரத்து செய்திருக்கவில்லை. புயல்தான் வேண்டாம் என்று தடுத்தாளாம். கடைசி நாள்வரை சாருக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கட்டும் என்றாளாம்.

முன்வரிசையில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். பேச்சு நன்றாகவே இருந்தது. நடுவில் ஒரு படம் காட்டினாள். எங்கள் சர்வர் அறை. என் பழைய இயந்திரம். அதன் நெற்றியில் நான் ஒட்டிய காகிதம்: 'தயவுசெய்து அணைக்க வேண்டாம்.' மண்டபம் சிரித்தது. அவளும் சிரித்தாள். "இதை எழுதினவர் இங்கதான் இருக்கார். இவ்வளவு வருஷம் இந்த ஊரைக் காப்பாத்தினது இவர்தான். எழுந்திருங்க சார்" என்றாள். எழுந்து நின்றேன். கை தட்டினார்கள். நல்ல கைதட்டல்தான். இறந்தவர் வீட்டு வாசலில் எல்லோரும் மெதுவாகப் பேசுவார்களே, அந்தக் கனிவு அதில் இருந்தது.

உட்கார்ந்தேன். மடியில் லேப்டாப்பைத் திறந்தேன். கட்டளையை ஓடவிட்டேன்.

திரையில் புதிய சிஸ்டம் சிவப்பானது. புயல் பேச்சை நிறுத்தினாள். அடுத்த நொடியே பழையது எழுந்து வேலையை எடுத்துக்கொண்டது. நான் எழுதியபடியே, ஒரு பிசகும் இல்லாமல். அழைப்புகள் வரிசையாக வந்தன, ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'அனுப்பப்பட்டது' என்று பச்சையில் விழுந்தது. என் பின்னால் யாரோ, "அட, பழசு தாங்குதுப்பா" என்றார்கள். அந்த வார்த்தையை நான் எவ்வளவு நாள் பட்டினி கிடந்து கேட்டேன் என்று உங்களுக்குப் புரியாது.

பச்சை எழுத்துக்கு அடுத்து இன்னொரு கட்டம் உண்டு. தகவல் கிடைத்தது என்று வண்டியிலிருந்து பதில் வந்தால் அதில் நேரம் விழும். என் லேப்டாப்பில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. எல்லா வரியிலும் காலி. பெரிய திரையில் அந்தப் பகுதி தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்தது.

காரணத்தை நான் தேட வேண்டியிருக்கவில்லை. வண்டிகளில் இருந்த பழைய கருவிகளைக் கழற்றிவிட்டுப் புதிய டேப்லெட்டுகள் மாட்டியிருந்தார்கள். மாட்டிய வாரம் புயல் என் மேசைக்கு வந்து நின்றாள். "சார், புது டேப்லெட் உங்க சிஸ்டத்தோட பேசுமான்னு ஒரு தடவை சோதிச்சுப் பாத்துடலாமா? எனக்குப் பயமா இருக்கு." "பாத்தாச்சும்மா" என்றேன். நான் பார்க்கவில்லை. இத்தனை வருடம் ஒருநாளும் கைவிடாத ஒன்றைச் சந்தேகப்பட்டுச் சோதிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கூடவே வாழ்கிறவளை வேவு பார்க்கிற மாதிரி.

அப்போது என் போன் அதிர்ந்தது. கட்டுப்பாட்டு அறையில் அந்த நேரத்துப் பொறுப்பில் இருந்த பெண், எல்லோருக்கும் அக்கா. நான் குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

"சார், ஒரு கேஸ். வீட்டுல அம்மா ஒருத்தங்க நெஞ்சு வலின்னு விழுந்துட்டாங்க. வீட்டுக்காரர் மறுபடியும் மறுபடியும் கூப்பிடுறார். வண்டி வரலேங்கிறார்."

"திரையில என்ன காட்டுது?"

"அனுப்பியாச்சுன்னு காட்டுது சார்."

"அப்ப போயிருக்கும்மா."

"இல்ல சார், எனக்கு என்னமோ சரியாப் படல. டிரைவருக்கு நானே நேரா போன் பண்ணிடட்டுமா?"

கொஞ்சம் யோசித்தேன். அவள் போன் செய்தால் டிரைவர் தகவலே வரவில்லை என்பார். அடுத்த நிமிடம் மண்டபத்துக்கே தெரிந்துவிடும், பழையது பச்சை காட்டிக்கொண்டு சும்மா நிற்கிறது என்று. மேடையில் புயல் மைக்கைப் பிடித்தபடி கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் என் சிஸ்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்மா" என்றேன். "ரெண்டு தடவை சொன்னா குழப்பமாயிடும். வந்துட்டிருக்கு, வாசல்ல நிக்கச் சொல்லுங்க."

அவள் அப்படியே சொன்னாள். அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். அவள் என்னை நம்பினாள்.

அந்த வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர் என்று பிறகு தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தாராம். வண்டி வருகிறது என்று சொல்லிவிட்டார்களே, அதில் ஆக்சிஜன் எல்லாம் இருக்குமே என்று இவர் வேண்டாம் என்றிருக்கிறார். வாசலில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே அந்த அம்மா கூடத்துத் தரையில் கிடந்திருக்கிறார். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தவர், பள்ளிச் சீருடைகள் தைப்பவர். வண்டி அடுத்த தெருவில்தான் நின்றிருந்தது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நான் எதுவரை காத்திருந்தேன் என்று கேட்டீர்கள். மண்டபம் போதுமான அளவு பார்த்து முடிக்கும்வரை. பிறகு மேடையேறினேன். "நான் பாக்குறேன்மா" என்று புயலிடம் சொல்லி, என் லேப்டாப்பில் என் கட்டளையை நானே திருப்பிப் போட்டேன். புதிய சிஸ்டம் உயிர்பெற்றது. மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. இந்த முறை உரத்த சத்தம். புயல் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். "நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும் சார்" என்றாள். தாடிக்காரப் பையன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து தன் கார்டைக் கொடுத்தான். பழையதை அணைப்பதைத் தள்ளிவைத்திருக்கிறோம் என்று மேலதிகாரி மேடையிலேயே அறிவித்தார். வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தேன். வேலைக்கு ஆபத்து இருந்ததாகவும் இப்போது இல்லை என்றும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு புல்தரையில் வெறுங்காலோடு நடந்தேன். அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

மாலையில்தான் அக்கா மறுபடி போன் செய்தாள். "அந்த அம்மா போயிட்டாங்க சார்" என்றாள். அழுதாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். புயலை வேலையிலிருந்து நீக்கினார்கள். சோதித்துப் பார்க்காமல் விட்டது அவள் என்றார்கள். சார் சோதித்துவிட்டதாகச் சொன்னார் என்று அவள் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் அவள் வீட்டுத் தெருவரை போனேன். மாடி ஜன்னலில் அவளுடைய அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன். பஸ் ஓட்டுநர் இப்போது வண்டி எடுப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். சிக்னலில் பச்சை விழுந்தும் நகராமல் நின்றுவிட்டாராம், பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்க அடிக்க.

இவ்வளவு நாள் வாயைத் திறக்காதவன் இப்போது ஏன் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று உங்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம். மனசாட்சி என்று நீங்கள் எழுதிக்கொண்டால் நான் மறுக்கப் போவதில்லை. புயலுக்காக என்றாலும் சரி. ஆனால் போன வாரம் விசாரணைக் குழுவின் முடிவு வெளியானது. டீக்கடையில் செய்தித்தாளில் படித்தேன். பழைய மென்பொருளில் ஏற்பட்ட பழுதே மரணத்துக்குக் காரணம் என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை, படுக்க முடியவில்லை. என் மனைவி டாக்டரிடம் கூட்டிப்போகப் பார்த்தாள்.

அது சரியாகத்தான் வேலை செய்தது. எழுந்திருக்க வேண்டிய நொடியில் எழுந்தது, அனுப்ப வேண்டியதை அனுப்பியது. வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் ஆள் இல்லாததற்கு அது என்ன செய்யும்?

தொடர்பை வேண்டுமென்றே துண்டித்தது நான். வண்டி போகவில்லை என்று தெரிந்தே வாசலில் நிற்கச் சொன்னதும் நான். டிரைவருக்குப் போன் போகாமல் தடுத்தேன். அந்த அம்மாவைக் கொன்றவன் நான்தான். அப்படியே எழுதுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். பழுது என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.