நாம் தேய்த்துவிட்ட தாடை

கார்க்கர் மேட்டு ஓபல் சங்கத்தின் தலைவர், நம் எல்லோருக்கும் மூத்தவர் மெர்வ் டோலண்ட் அவர்களே! ஓபல் என்னும் வண்ணக்கல் தோண்டும் குழியிலிருந்து ஏறி, வெள்ளைப் புழுதி உதறாமல் வந்தமர்ந்த பெரியோர்களே! ஆளுக்கொரு தட்டாய் இரவு விருந்தைச் சுமந்துவந்த தாய்மார்களே! காதிலும் கழுத்திலும் கல் மின்ன வீற்றிருக்கும் என் தோழியரே! டோரீன் ஹாக்கின் பணிவான வணக்கம்.

சற்றுமுன் தலைவர் என் மார்பில் ஓபல் பதக்கம் குத்தினார், நீங்கள் கைதட்டினீர்கள். எதற்காக? நான் குடியிருக்கும் கேரவன் வண்டிக்குப் பின்னால், துணிக்கொடிக்கு அடியில், நாம் வெட்டிக் கொட்டிய மண்குவியலில் ஒரு தாடை எலும்பைக் கண்டெடுத்தேனே, அதற்காக! எலும்பே ஓபலாய் உறைந்த பாதித் தாடை; நீலமும் பச்சையுமாய் மூன்று பற்கள். பெருமைப்படத்தான் மேடை ஏறினேன். இப்போது வெட்கத்தால் குறுகி நிற்கிறேன்.

அதை முதலில் நம் கல் தேய்க்கும் பட்டறை ஸோரானிடம்தான் காட்டினேன்.

"இந்தப் பல்லுதான் அசிங்கமா நீட்டிக்கிட்டு இருக்கு. குடு டோரீன், ஒரே தேய்! உள்ள நிறம் அள்ளும்!"

"கைய எடுய்யா! உன் பல்லைத் தேய்ச்சுப்புடுவேன்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், கொஞ்ச நேரந்தான்.

பிறகு அருங்காட்சியகத்து இங்கிரிட் வந்து பார்த்தார். "இப்படியொரு பிராணிய யாருமே பாத்ததில்லைங்க. மீதிப் பாதி கெடைச்சாத்தான் இது என்னன்னு சொல்ல முடியும். அது எங்க?" என்றார்.

ஸோரான் தரையைப் பார்த்தார். "போன மாசம் அதே குவியல்லேருந்து ஒண்ணு வந்துச்சு. வழக்கம்போல தேச்சு வித்துட்டேன்."

வழக்கம்போல! பல்லைக் கண்டோம், பாறை என்றோம். முதுகெலும்பைக் கண்டோம், முண்டு என்றோம். நிறம் இருந்தால் நகை, நிறம் இல்லையேல் குப்பை! கோடிக்கணக்கான ஆண்டுகள் மண் காத்ததை, தேநீர் ஆறுவதற்குள் நம் தேய்ப்புச் சக்கரம் தின்றது. ஸோரானை ஏன் முறைக்கிறீர்கள்? எந்த வீட்டுக் கல் அவர் சக்கரத்தில் ஏறவில்லை?

இன்னும் கேளுங்கள். செயலாளர் பேசிக்கொண்டிருந்தபோது, ஊசி உறுத்தியதால் பதக்கத்தைக் கழற்றித் திருப்பினேன். பின்புறம் தேய்க்கப்படவில்லை. அங்கே இரண்டு பள்ளங்கள். பல்லின் வேர் இருந்த குழிகள்! இந்த மேசைமேல் காட்சிக்கு வைத்த தாடையின் உடைந்த ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது, தாய்மார்களே, பிட்ட ரொட்டிபோல் பொருந்தியது! முன்புறமோ கண்ணாடியாய் வழுவழுக்கிறது. பற்கள் நீட்டிக்கொண்டிருந்த பக்கம் அது. முன்வரிசையில் இருக்கும் இங்கிரிட்டின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

என்ன தலைவரே? "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்கிறீர்கள். யாருக்குத்தான் தெரிந்தது? யார் திருப்பிப் பார்த்தோம்? உங்கள் அன்பை வைத்துக்கொள்கிறேன். பதக்கத்தை இங்கிரிட்டிடம் ஒப்படைக்கிறேன்.

தோழியரே! விருந்துக்கு எழுமுன் உங்கள் காதிலும் கழுத்திலும் இருப்பதைக் கழற்றுங்கள். திருப்பிப் பாருங்கள்.

அழைத்தவர்களுக்கும் பொறுத்தவர்களுக்கும் என் நன்றி. கைதட்ட வேண்டாம். உங்கள் கைகளுக்கு இப்போது வேறு வேலை இருக்கிறது. வணக்கம்.