ரெண்டு கிராம் வித்தியாசம்

ரெண்டு கிராம்... ரெண்டே ரெண்டு கிராம் டீச்சர்! அதுக்குப் போயி நாலு மார்க்க முழுசா முழுங்கிட்டீங்களே, இது அடுக்குமா? ஆங், தலைய ஆட்டாதீங்க. தலையில வச்ச டை கண்ணுல வழிஞ்சா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. பேசவும் வேணாம். சாயந்தர வகுப்புல நீங்க பேசுறீங்க, நான் வாயப் பொத்திக்கிட்டுக் கேக்குறேன்ல? இன்னிக்கி நீங்க நாற்காலியில, சீப்பு என் கையில. நீங்க கேளுங்க.

நான் என்ன பச்சப்புள்ளையா? நாப்பது தாண்டியாச்சு. பகல் பூரா ஊரார் தலைய அலசிட்டு, ஓட்டமா ஓடி வந்து, என் பொண்ணு வயசுப் பிள்ளைங்களோட பெஞ்சுல இடுக்கிக்கிட்டு உக்காந்து எழுதுறேன். எதுக்கு? இந்தக் கெமிஸ்ட்ரியில பாஸானாத்தான் அழகுக்கலைப் படிப்புல சேத்துப்பாங்க. அத முடிச்சாத்தான் சொந்தமா ஒரு பார்லர் வைக்க முடியும். இல்லன்னா கடைசி வரைக்கும் முதலாளியம்மா மூஞ்சியப் பாத்துக்கிட்டே கத்தரி பிடிக்க வேண்டியதுதான். பாஸுக்கு மூணு மார்க் குறையுது. அந்த நாலப் போட்டிருந்தா உங்க குடியா முழுகிப் போகும்?

அணு அமைப்புல பாருங்க, முழு மார்க்! நடுவுல புரோட்டானும் நியூட்ரானும் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு, எலக்ட்ரான் மட்டும் வெளிய சுத்துது, இன்ன எடத்துலதான் இருக்குன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னீங்க. டக்குன்னு புரிஞ்சுது. எங்க வீட்டுக்காரரும் அதே ரகந்தான். ஃபோன் போட்டா "பக்கத்துலதான் இருக்கேன்"ம்பாரு. எதுக்குப் பக்கத்துலன்னு அவருக்கே தெரியாது!

சிரிக்காதீங்க, நெத்தியில வழியுது.

இந்த மோல்தான் டீச்சர் என் உயிர வாங்குது. முட்டைய டஜன் டஜனா எண்ணுற மாதிரி இதுங்கள மோல் மோலா எண்ணணும்னீங்க. சரின்னேன். ரெண்டு மோல் பெராக்ஸைடு உடைஞ்சா தண்ணியோட ஒரு மோல் ஆக்சிஜன் வரும்னீங்க. அதுக்கும் சரின்னேன். அப்புறம் அறுபத்தெட்டு கிராம் பெராக்ஸைடுக்கு எத்தன கிராம் ஆக்சிஜன்னு கேக்குறீங்க. ரெண்டுக்கு ஒண்ணுன்னா பாதி. அறுபத்தெட்டுல பாதி முப்பத்திநாலு. இதுல என்ன தப்பு? நீங்க செவப்பு மையில முப்பத்திரெண்டுன்னு போட்டு ஒரு பெரிய வட்டம் வேற! அந்த ரெண்டு கிராம நீங்களா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்க?

அதுவும் பெராக்ஸைடப் பத்தி எனக்கா பாடம்? இதோ இந்த டெவலப்பர் பாட்டில்ல இருக்கிறதே அதானே! வருஷக்கணக்கா அதோடதான் என் பொழப்பே. ஆனாலும் பாருங்க, கோவம் இருந்தாலும் எனக்கு உங்க மேல ஒரு மரியாதை. டப்பாவுல என்னமோ டை க்ரீமையும் இந்த டெவலப்பரையும் சமமாக் கலக்கணும்னுதான் போட்டிருக்கு, நானும் அப்படித்தான் கலக்குவேன். இன்னிக்கி உங்க தங்கச்சி கல்யாண ரிசப்ஷன், நம்ம டீச்சர் பளிச்சுன்னு நிக்கணும்னு, உங்க சமன்பாட்டுப்படியே கலக்கிட்டேன். க்ரீம் ஒரு கரண்டி, பெராக்ஸைடு ரெண்டு கரண்டி...

ஏன் டீச்சர் தூக்கிவாரிப் போட்ட மாதிரி எழுந்திரிக்கிறீங்க? கழுவணுமா? இப்பவேயா? சரி, சரி, குனிங்க. தண்ணி ஜில்லுன்னு இருக்கும்...

ம்...

ஒண்ணுமில்ல டீச்சர். சும்மா "ம்"ன்னேன். இருங்க, கண்ணாடி தூசியா இருக்கு, இந்தப் பக்கம் திருப்பி வைக்கிறேன். கருப்புதான் கேட்டீங்க... கருப்புக்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கலாம். சரி, சொல்லிடுறேன். செங்கல் நெறம். ஐயோ, அழுவாதீங்க! அழலையா? சிரிக்கிறீங்களா? எதுக்கு?

என்னது... டையே இல்லையா அந்தச் சமன்பாட்டுல? சரி, இல்லதான். அந்த ரெண்டு வெறும் எண்ணிக்கையா? எடை இல்லையா? ஒரு டஜன் சீப்பும் ஒரு டஜன் ட்ரையரும் ஒரே எடையான்னா... அது எப்படி டீச்சர், ட்ரையர் ஒண்ணு தூக்கவே கை வலி... ஆங்.

ஆங்! இருங்க, இருங்க. பெராக்ஸைடு ஒரு மோல் முப்பத்திநாலு. ஆக்சிஜன் ஒரு மோல் முப்பத்திரெண்டு. ரெண்டு மோலுக்கு ஒரு மோல்னா ஆக்சிஜன் முப்பத்திரெண்டேதான்! மிச்சம் முப்பத்தாறும் தண்ணி! ஒரு கிராம்கூடத் தொலையலையே டீச்சர்! இத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னீங்களா? நான் ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டிருந்தேனா? இருக்கும்.

சரி, அந்த நாலு மார்க்க நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு இன்னொரு பரீட்சை வைங்க. உங்க தலைக்கு நான் இப்பவே இன்னொரு தடவ வைக்கிறேன், சமமாக் கலந்து, டப்பாவுல போட்டிருக்கிற மாதிரியே. ரிசப்ஷனுக்கு நேரம் கெடக்கு. உக்காருங்க.

இருந்தாலும் டீச்சர்... ரெண்டே ரெண்டு கிராம்தானே...

ஐயையோ, கண்ணாடியத் திருப்பாதீங்க! முப்பத்திரெண்டு, முப்பத்திரெண்டு!