நான்கு ஆண்டு நல்ல ரிப்போர்ட்

இந்த மருத்துவ முகாமுக்குத் தலைமை ஏற்று, வெள்ளைச் சட்டை கசங்காமல் வீற்றிருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே! மேடையை அணிசெய்யும் மருத்துவர் அவர்களே! ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்தே உள்ளங்கை காய்த்துப்போன மூத்த ஓட்டுநர்களே! டிக்கெட் கிழித்துக் கிழித்தே விரல் தேய்ந்த நடத்துநர்களே! கணவனை வண்டியேற அனுப்பிவிட்டு, அவன் வீடு திரும்பும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! மூன்றாவது வரிசையில் மடியில் ஒரு காகிதத்தோடு அமர்ந்திருக்கும், என் நண்பனின் மனைவியும் என் உடன்பிறவாத் தங்கச்சியும் ஆனவளே! உங்கள் அனைவருக்கும், இருபத்திரண்டு ஆண்டுகள் கிரீஸில் ஊறிய இந்த மெக்கானிக்கின் வணக்கம்.

ரத்தப் பரிசோதனையின் நன்மைகளைப் பற்றி ஐந்து நிமிடம் இனிக்க இனிக்கப் பேசச் சொன்னார்கள். இனிப்பு எனக்கு வராது. கசப்புதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் என்ன செய்கிறீர்கள்? எந்த வரியில் அளவு மீறியதைக் காட்டும் நட்சத்திரக் குறி இருக்கிறது என்று தேடுகிறீர்கள். இல்லையா, மடித்துப் பையில் வைக்கிறீர்கள். இருக்கிறதா, மறைத்துப் பெட்டியில் வைக்கிறீர்கள். படித்தவர் யார்? நம் வண்டியின் முகப்பில் வெப்பமானி முள் ஏறினால் பதறுகிறோமே, அதே முள்தான் ஐயா இந்தக் காகிதத்திலும் இருக்கிறது! வெறும் வயிற்றுச் சர்க்கரை, அன்று காலையின் கதை. மூன்று நாள் வாயைக் கட்டி அதை ஏமாற்றிவிடலாம். மூன்று மாதச் சராசரி என்று இன்னொரு வரி இருக்கிறதே, அதை ஏமாற்ற முடியாது. கிரியேட்டினின் என்பது தசை தள்ளும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் தேங்கும். ஒன்றாக இருந்தது ஒன்றரை ஆனால் நமக்குச் சில்லறை வித்தியாசம். ஆனால் அதற்குள் சிறுநீரகத்தில் பாதி வேலைநிறுத்தம் செய்திருக்கலாம்! பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத்தின் தாளமே தப்பும். அதனால்தான் சொல்கிறேன், ஒரு காகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். போன ஆண்டின் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

யாரது பின்னால்? “டீ குடிச்சுட்டு வரலாமா”வா? தண்ணீர் மட்டும் குடிக்கலாம் தம்பி. டீ குடித்துவிட்டு “டீ ஒரு சாப்பாடா”ன்னு ரத்தம் எடுக்கிறவரிடம் வழக்குப் பேசாதே!

சிரித்துவிட்டீர்கள். இனிச் சிரிக்க ஒன்றும் இல்லை.

சற்றுமுன் மேலாளர் அவர்கள் பெருமிதத்தோடு சொன்னார்கள். தவறான ரிப்போர்ட் கொடுத்து நம் ஓட்டுநர் ஹாரனின் உயிருக்கு உலைவைத்த ஆய்வகப் பெண்ணை விரட்டிவிட்டோம், புதியவர்களைக் கொண்டுவந்துவிட்டோம் என்றார்கள். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டிய கை இன்னும் எரிகிறது.

ஹாரனை அறியாதார் இங்கே யார்? அவன் குரல் கேட்டால் வண்டிக்கு ஹாரனே வேண்டாம் என்று நாம் வைத்த பெயர் அது. வெப்பமுள் ஒரு கோடு ஏறினாலும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, “மச்சான், இவளுக்குக் காய்ச்சல், வந்து பாரு”ன்னு எனக்குப் போன் போடுவான். வண்டியின் காய்ச்சலைக் கேட்ட காது, தன் உடம்பின் கூச்சலைக் கேட்கவில்லை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஒன்றுக்கு இறங்கினான். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தான். முந்தைய ஆண்டு ரிப்போர்ட்டில் ஒரே ஒரு நட்சத்திரம். நம் பணிமனையின் விதி என்ன? இரண்டாவது நட்சத்திரம் விழுந்தால் அன்றே ஸ்டீயரிங் பறிபோகும், வண்டி கழுவப் போக வேண்டும். விசாரணை உண்டா? இல்லை. வைத்தியம் உண்டா? இல்லை. விதி மட்டும் உண்டு!

முகாம் நாள் காலையில் என் பட்டறைக்கு வந்து அவனுடைய காக்கிச் சட்டையை நீட்டினான். “மச்சான், இந்த ஒரு வருஷம் மட்டும். அடுத்த வருஷத்துக்குள்ள சர்க்கரையைக் குறைச்சுடறேன். உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே!”

போட்டுக்கொண்டேன். ஆம், தோழர்களே, நான்தான்! என் மெக்கானிக் நீலச் சட்டையைக் கழற்றிவிட்டு, அவன் பெயர் குத்திய காக்கியில் வரிசையில் நின்றேன். கையை நீட்டினேன். அந்த ஆய்வகப் பெண் நிமிர்ந்து பார்த்தார்.

“சட்டை ரொம்ப லூஸா இருக்கே அண்ணா?”

“இளைச்சுட்டேன் மா.”

“திடீர்னு இளைச்சா நல்லதில்ல அண்ணா. மூணு மாசச் சராசரியும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி எழுதறேன்.”

எழுதினார். பார்த்தார்கள். என் ரத்தத்தில் என்ன இருக்கும்? எல்லாம் சரி! அடுத்த ஆண்டும் நீட்டினேன். அதற்கடுத்த இரண்டு ஆண்டும் நீட்டினேன். நான்கு ஆண்டுகள், நான்கு ஊசிகள், நான்கு நல்ல ரிப்போர்ட்டுகள். கொடுமை என்ன தெரியுமா? அந்தப் பொய்யை அவனே நம்பத் தொடங்கிவிட்டான். “நம்ம ரிப்போர்ட் சூப்பர் மச்சான்” என்று டீயில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டான். நானும் சிரித்தேன். பாவி நான், சிரித்தேன்!

உட்காரச் சொல்லாதீர்கள். மைக்கை அணைத்தாலும் எனக்குக் குரல் இருக்கிறது. மேலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். “சுருக்கமாக முடிக்கவும்.” முடிக்கிறேன் ஐயா. அவன் கதையும் சுருக்கமாகத்தான் முடிந்தது.

தங்கச்சி, அவன் கால் வீங்கியபோது நீ என்ன சொன்னாய்? “ரிப்போர்ட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கு, செருப்புதான் சின்னது”ன்னு ஒரு அளவு பெரிய செருப்பு வாங்கிக் கொடுத்தாய். இடுப்பு வலிக்கு வைத்தியரிடம் போனபோது இதே காகிதத்தைக் காட்டினாய். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று நம்பி, அவர் மாதக்கணக்கில் வலி மாத்திரை கொடுத்தார். மிச்சமிருந்த சிறுநீரகத்தையும் அது தின்றது. கடைசியில் பெரிய மருத்துவமனையில், நான்கு ஆண்டுகளில் முதன்முதலாக அவன் சொந்த ரத்தத்தை எடுத்தார்கள். கிரியேட்டினின் பதினொன்று. பொட்டாசியம் ஏறி, மறுநாள் காலை இதயம் நின்றது.

நீ அந்தப் பெண்ணின் வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றினாய். அவர் வேலை போனது. ஆறு மாதமாக நான் வாயைத் திறக்கவில்லை. தங்கச்சி, உன் மடியில் இருக்கும் காகிதத்தில் ஒரு எழுத்துகூடப் பிழை இல்லை. அது அவன் ரத்தம் இல்லை. என் ரத்தம். செருப்பு வாங்கியது உன் குற்றமில்லை. ரத்தம் எடுத்தது அந்தப் பெண்ணின் குற்றமும் இல்லை.

நீ எழுந்து நிற்கிறாய். அடிக்க வந்தால் இறங்கி வருகிறேன். அதற்கு முன் இரண்டே சொற்கள்.

மேலாளர் அவர்களே! என்னை வேலையை விட்டு எடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த விதியையும் எடுங்கள்! முள் ஒரு கோடு ஏறினால் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பிச் சரிசெய்து ஓட்டுகிறோமே, மனிதனை மட்டும் ஏன் குப்பையில் வீசுகிறோம்? நட்சத்திரத்துக்குப் பயந்து ஓட்டுகிறவன் பொய் சொன்னால், அவன் முதுகுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் ஐம்பது பேருக்கு யார் பதில் சொல்வது? வைத்தியம் கொடுங்கள், அவகாசம் கொடுங்கள், அவன் வேலையை அவனுக்கே வைத்திருங்கள். இன்று இந்த வரிசையில் எத்தனை பேர் இன்னொருவர் சட்டையில் நிற்கிறீர்கள்? எனக்குத் தெரியும். சட்டையைக் கழற்றுங்கள், அண்ணன்மார்களே!

கடைசியாக ஒன்று. அந்தப் பெண்ணை நான் அழைத்திருக்கிறேன். காவலர் விடாததால் வாசலுக்கு வெளியே நிற்கிறார். கதவைத் திறந்துவிடுங்கள். அம்மா, நீங்கள் அன்று கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொல்கிறேன். அந்தச் சட்டை என்னுடையது இல்லை. இதோ, இன்று நீலச் சட்டையில் வந்திருக்கிறேன், அளவாக இருக்கிறது. முதல் ஊசியை நீங்களே குத்தி ரத்தம் எடுங்கள். பெயரைக் கேளுங்கள், என் பெயரைச் சொல்கிறேன்.

பொறுத்துக் கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் எழுந்து நிற்பவளுக்கும் என் நன்றி. வணக்கம்.