இந்த முறை யார் தலை

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் அப்பாவும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். மொட்டை போட்டிருந்த அப்பாவின் தலையில் அப்போதுதான் முடி அரை விரல் வளர்ந்திருந்தது. மகனின் முடி சேவல் கொண்டை மாதிரி நின்றது.

“சாமி குடுத்தத வேணாம்னு நான் எப்பிடிடா போயி சொல்றது?” என்றார் அப்பா.

“வேணாம்னு சொல்லாத நைனா. மாத்திக் குடுன்னு கேளு.”

“இந்த காலேஜ் கெடைக்கணும்னு வேண்டிக்கினுதானடா மொட்ட போட்டேன்? ஒரு வருசம் கூட ஆவல.”

“இங்க பிபிஏ படிச்சா எவன் வேல குடுப்பான்? பெங்களூர் யுனிவர்சிட்டின்னா கம்பெனிங்களே தேடிக்கினு வரும். ரெண்டாவது வருசத்துல அங்க மாறிக்கலாம். ஆனா செம போட்டி. சாமி மனசு வெச்சாதான் சீட்டு.”

அப்பா தன் தலையைத் தடவிப் பார்த்தார்.

“சரி, கேக்கறேன். ஆனா ஒரே தலைய எத்தினி தபா காட்றது? இந்த தபா மொட்ட உனுக்கு.”

மகனின் கை தானாகத் தலைக்குப் போனது. ஜன்னலில் ஏழுமலை தெரிய ஆரம்பித்திருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் சொன்னான்:

“யோசிச்சிப் பாத்தா, நம்ம காலேஜும் ஒண்ணும் அவ்ளோ மோசமில்ல நைனா.”