தெருக்குத்து

...வழியா? வழி எங்க சார் கீது! உங்க தெரு இந்தச் சொவுரோட சரி. ஞாயித்துக்கெழமயானா மனை பாக்கறேன்னு நாலு பேரு காரு வெச்சுகினு வந்து இங்கதான் முழிக்கிறாங்க.

கேளுங்க. வண்டியத் திருப்புங்க. திருப்ப எடமில்லயா? அதான் லேஅவுட் போட்டவன் லட்சணம்! அப்படியே பின்னாடி போங்க. ஜிஎஸ்டி ரோடு ஏறி, ரயில்வே கேட்டு தாண்டி... கேட்டு மூடித்தான் கெடக்கும்... அப்பால சோத்தாங்கைப் பக்கம் ஒரு நகரு. அதுல பூந்துடாதீங்க, எல்லாத் தெருவும் ஏரிக்கரையில போயி முட்டும். அதுக்கு அடுத்தது. ரெண்டரை மைலு! தோ, என் வூடு, கைய நீட்டினா தொடலாம். சுத்திகினுதான் வரணும்.

இன்னா ஊரு சார் இந்தச் செங்கல்பட்டு? வேர்க்கடல போட்ட நெலத்தையெல்லாம் கூறு போட்டு ஆளுக்கொரு நகருன்னான். இவன் தெரு அவன் தெருவோட சேராது, பங்காளி சண்ட மாரி! போஸ்ட்மேன் ராமதாசு சைக்கிளத் தோள்ல தூக்கிகினு வாய்க்கா தாண்டறான். பாவம். பாவமின்னா, சோம்பேறி! தந்தியவே மறுநாளு குடுக்கறான்.

எனக்கு நிக்க நேரமில்ல சார். பொண்ணு பாக்க வராங்க, கருங்குழிலேர்ந்து. பஸ்ல வரோம்னாங்க, ஆளக் காணோம். நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள வாசப்படி ஏறலன்னா மாப்ள வூட்டுப் பெரியவரு காலெடுத்து வெக்க மாட்டாராம். ஏற்கெனவே மூணு எடம் தட்டிப்போச்சு பொன்னிக்கு. இதுவும் போச்சுன்னா என் பொஞ்சாதி எல்லம்மா மூஞ்சில நான் முழிக்க முடியாது. ஒரு தெருவக் கண்டுபுடிக்கத் துப்பில்லாத ஜனங்க, என் பொண்ணக் கட்டிகினு போயி இன்னா கிழிக்கப் போறாங்களோ!

ஐயய்யோ, சொவுரு மேல கைய வெக்காதீங்க! கண்ணாடிச் சில்லு. நான்தான் பதிச்சேன்... ஆமா சார், சொவுரு என்னுதுதான். பின்ன? உங்க தெரு நேரா வந்து என் வாசல்ல குத்துது! தெருக்குத்து சார்! பொண்ணுக்குக் கல்யாணமே ஆவாதுன்னு ஜோசியரு அடிச்சி சொன்னாரு. பஞ்சாயத்துல ஒருத்தரு வந்து, ரெண்டு நகரையும் சேக்கற வழி இது ஒண்ணுதான், மறிக்காதப்பான்னாரு. இந்த பக்தவத்சலத்துக்கே புத்தி சொல்றியான்னு தொரத்தி வுட்டேன். ரெண்டே நாளு, சொவுரு எழும்பிடுச்சு.

மணி இன்னா சார்? நாலு இருவதா! எங்க தொலைஞ்சாங்களோ...

ஆமா, காருல லேடீஸ்லாம் கீறாங்க. பூ, வெத்தல பாக்கு, பழத்தட்டு... மனைக்குப் பூஜ போடறீங்களா? எந்த ஊரு நீங்க?

...கருங்குழியா.

ஐயா... பெரியவரே... பஸ்ஸுன்னீங்களே! எல்லம்மா! கடப்பாறைய எடுத்தா! எதுக்கா? எடுத்தாடி சொல்றேன்! ஐயா, பத்தே நிமிசம், இடிச்சுடறேன். நான் பேசனதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க, வாய் சார் இது, வெறும் வாயி...

டிரைவரு ஏன் ரிவர்சு எடுக்கறான்? சுத்திகினு வரத்தான போறீங்க? ஐயா... ஏன்யா கையெடுத்துக் கும்புடறீங்க?